அம்மா அட்டை

கொளஞ்சியம்மாளை எனக்கு ஆறு வருடம் தெரியும். அதில் முதல் அரைமணி நேரம் முழுக்க அவர் என்னைத் திட்டினார்.

2005 ஆடி மாதம். சுனாமிக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் தொண்டு நிறுவனங்கள் மளமளவென்று வந்து இறங்கியிருந்தன. படகு, வலை, தற்காலிக வீடு எல்லாம் கொடுத்து முடித்த பிறகு அவற்றில் ஒரு நிறுவனம் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. 'குடும்பம் சார்ந்த பயிற்சித் திட்டம்' என்று பெயர். குழந்தையை எங்கோ கொண்டுபோய் விடாமல், வீட்டில் இருக்கிறவர்களுக்கே பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே குழந்தையைப் பழக்குவது. அலுவலகம் கடலூரில், பயிற்சி அறை சிதம்பரத்தில். நான் எழிலரசி, சிதம்பரத்துக்காரி. படித்து முடித்த கையோடு அந்த வேலையில் சேர்ந்தேன். இருபத்து மூன்று வயது. எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயது.

காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ்மில்லுக்குப் பின்னால் இருந்தது அவர் வீடு. நான் படிவத்தைப் பிரித்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"போன மாசம் ஒருத்தன் வந்து எழுதிக்கிட்டுப் போனான். அதுக்கு முன்ன ஒரு பொம்பள வந்து, சொந்தத்துல கட்டுனியா, மாசமா இருக்கச் சொல்ல கீழ வுழுந்தியான்னு கேட்டுட்டுப் போனா. நீ என்னா கேக்கப் போற?"

நான் கேட்க வைத்திருந்த முதல் இரண்டு கேள்விகளும் அவைதான். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "பையன் எங்கக்கா?" என்றேன்.

மில் களத்தில் இருந்தான். அவித்த நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். ஈரம் ஒரே சீராக உலர, நெல்லுக்குள் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து கிளறிவிட வேண்டும்; அது களத்துப் பெண்களின் வேலை. ஆறு வயது ஸ்ரீதர் அவர்களுக்குப் பின்னால் தனியாக நடந்துகொண்டிருந்தான். அவன் கால் போட்ட கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கொஞ்சமும் கோணாமல் போனது. கூப்பிட்டால் திரும்பவில்லை. பேச்சு கிடையாது. கொளஞ்சியக்கா என் பக்கத்தில் வந்து நின்று, "கோடு போடறான் பாரு. இதுல மட்டும் இவன அடிச்சிக்க ஆளு கெடையாது" என்றார். திட்டும் குரல் போய்விட்டிருந்தது.

அவரும் அந்தக் களத்தில் வேலை செய்தவர்தான். பிறந்த ஊர் விருத்தாசலம் பக்கம். கொளஞ்சியப்பருக்கு வேண்டிப் பிறந்ததால் அந்தப் பெயர். கணவர் சுப்பராயலு அதே மில்லில் நெல் அவிக்கிறவர். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து, இரண்டு கர்ப்பம் கலைந்த பிறகு தங்கிய பிள்ளை ஸ்ரீதர். மூன்று வயதில் பேசவில்லை, முகம் பார்க்கவில்லை என்றதும், பெத்தவள் களமே கதி என்று கிடந்தால் பிள்ளை எப்படிப் பேசும் என்று நாத்தனார் தங்கம்மாள் சொன்னாராம். மறுநாளே அக்கா வேலையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகும் பையன் பேசவில்லை. "இப்ப என்னா சொல்றதுன்னு அவுங்களுக்கும் தெரியல" என்று சிரிப்பார்.

வியாழக்கிழமைதோறும் பையனை டவுன் பஸ்ஸில் சிதம்பரத்துக்குக் கூட்டிவருவார். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது ஜன்னல் சீட்டில்தான் அவன் உட்காருவான். அங்கே யாராவது இருந்தால் அக்கா முதலில் கெஞ்சுவார், அப்புறம் சண்டை போடுவார். ஒரு வருடத்தில் அந்தத் தடத்துக் கண்டக்டர்கள் எல்லோரும் அந்த சீட்டில் துண்டு போட்டு வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் பயிற்சியின் முக்கியமான பாடம் அட்டை. பேச்சு வராத பிள்ளைக்கு வேண்டியதை எல்லாம் போட்டோ எடுத்து, அட்டையில் ஒட்டி, ஒரு பலகையில் வரிசையாக மாட்டிவிட வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் அவன் தண்ணீர் அட்டையை எடுத்து நம் உள்ளங்கையில் வைக்க வேண்டும். வைத்த அடுத்த நொடி தண்ணீர் கொடுத்துவிட வேண்டும். "கேட்டா கெடைக்கும்னு அவனுக்குப் புரியணும். கேட்டும் யாரும் கண்டுக்கலைன்னா கேக்கறதையே விட்டுடுவான்." இதை நான் எத்தனை அம்மாக்களிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

அம்மாக்களிடம் என்றுதான் சொல்கிறேன். திட்டத்தின் பெயர் குடும்பம். படிவத்தில் 'பயிற்சி பெறும் குடும்ப உறுப்பினர்' என்று ஒரு கட்டம் உண்டு. முப்பத்து நான்கு படிவங்களிலும் அந்தக் கட்டத்தில் 'தாய்' என்று எழுதியவள் நான். வருடத்துக்கு ஒருமுறை மேலிடத்திலிருந்து போட்டோ எடுக்க வருவார்கள். அன்றைக்கு மட்டும் அப்பாக்களை வரச்சொல்வோம். சுப்பராயலு இஸ்திரி போட்ட சட்டையோடு சம்மணமிட்டு, கையில் பிள்ளைகள் அடுக்கி விளையாடும் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அந்தப் படம் ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. எனக்கு இன்றைக்கும் அதைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

நான்கு மாதம் கழித்து ஸ்ரீதர் முதல் தடவையாகத் தண்ணீர் அட்டையை எடுத்து அக்கா கையில் வைத்தான். அக்கா ஒன்றுக்கு மூன்று தம்ளர் கொடுத்து அவனைப் புரையேற வைத்தார். அதற்குப் பிறகு இட்லி, தலையணை, டவுன் பஸ், களம் என்று பலகை நிறைந்துகொண்டே போனது. கடைசி வரிசையில் அப்பா அட்டையும் அம்மா அட்டையும்.

அம்மா அட்டைக்கு இரண்டு போட்டோ எடுக்கவேண்டி வந்தது. முதல் தடவை பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, முகமெல்லாம் பவுடரோடு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார். "யாருக்கா இது? பையனுக்கு எப்படி அடையாளம் தெரியும்? தினம் எப்படி இருக்கீங்களோ அப்படி வேணும்" என்று திருப்பி அனுப்பினேன். "நைட்டியோட போனா கடைக்காரன் என்னா நெனப்பான்? நீங்க நல்லா இருக்கீங்களே டீச்சர்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். இரண்டாவது படத்தில் வெளுத்துப்போன நீல நைட்டி, தோளில் துண்டு, சீவாத தலை, காமிராவைப் பார்த்து ஒரு முறைப்பு. அசல் கொளஞ்சியக்கா.

அந்த அட்டையைத்தான் ஸ்ரீதர் தொடவே இல்லை. மற்ற எல்லாவற்றையும் கேட்டான், அம்மாவைக் கேட்கவில்லை. காரணம் எளிது. இல்லாததைத்தானே கேட்பார்கள்? அக்கா எந்நேரமும் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். "கொஞ்ச நேரம் வெளிய போய் நில்லுங்க. வீட்டுக்காரர் உள்ள இருக்கட்டும். தேடினா அவனே எடுத்துக் கொடுப்பான்" என்று வழி சொல்லிக்கொடுத்தேன். இரண்டு மூன்று முறை முயன்றார். பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார். ஸ்ரீதர் வாசல்வரை வந்து பார்ப்பான். அப்புறம் நிலைப்படியில் நெற்றியை முட்டத் தொடங்குவான். இரண்டாவது முட்டிலேயே அக்கா ஓடிவந்துவிடுவார்.

"இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா எடுத்திருப்பான்கா" என்பேன்.

"அவன் மண்ட வீங்கி ஒண்ணும் என்னக் கேக்க வேணாம். நான் எங்க போயிடப் போறேன்?"

ஆனால் அவருக்கு அந்த ஆசை இருந்தது. 2008-இல் ஒரு வியாழக்கிழமை, வகுப்பு முடிந்தும் கிளம்பாமல் நின்றார். ஒரு முழுத்தாளை நீட்டி, பிராது எழுதித்தரச் சொன்னார். கொளஞ்சியப்பர் கோயிலில் அது ஒரு வழக்கம். மனக்குறையை மனுவாக எழுதி, பெயர், ஊர் போட்டு, சன்னதியில் கட்டிவிட்டு வரவேண்டும். குறை தீர்ந்ததும் மறக்காமல் திரும்பிப் போய் வாபஸ் வாங்க வேண்டும். வாங்காமல் விட்டால் தெய்வக் குற்றம்.

"நான் மாதாகோயிலுக்குப் போறவ. என் கையெழுத்து உங்க சாமிக்குப் புரியுமாக்கா?"

"ஆபீசுக்கு அவ்ளோ எழுதறீங்களே, அது மட்டும் யாருக்குப் புரியுது? எழுதுங்க."

"என்னன்னு எழுத? ஸ்ரீதர் பேசணும்னா?"

"பேசணும்னு போடாதீங்க. அது ஜாஸ்தி. ஒரே ஒரு தடவ, அம்மா வேணும்னு அவன் கேக்கணும். அட்டையில கேட்டாப் போதும். அப்பிடியே எழுதுங்க."

அப்படியே எழுதினேன். கீழே கையெழுத்துப் போட அவருக்கு வெகுநேரம் ஆனது. அடுத்த வாரம் வந்ததும் கட்டிவிட்டேன் என்றார். அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் கேட்பதற்கு முன்பே "இன்னும் கேக்கல டீச்சர்" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருவார்.

2010-லிருந்தே அவருக்கு உதிரப்போக்கு இருந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. சுப்பராயலுவிடம் சொன்னபோது அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லியிருக்கிறார். "இவன யாருகிட்ட வுட்டுட்டு வர்றது மாமா?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் பதில் இல்லை. ஐந்து வருடமாக வீட்டுக்குப் போய்வந்த என்னிடமும் இல்லை. அந்தப் பதிலை உண்டாக்கத்தான் எங்கள் திட்டமே. ஒரே ஒரு ஆளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்து, அந்த ஆள் வீட்டை விட்டு நகரவே முடியாதபடி செய்துவிட்டு, அதற்குக் குடும்பம் என்று பெயர் வைத்திருந்தோம்.

2011 வைகாசியில் களத்தருகே மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். கர்ப்பப்பையில் புற்று, பரவிவிட்டது என்றார்கள்.

அதன் பிறகு மூன்று மாதம் கட்டிலில் படுத்தபடியே கணவருக்குப் பாடம் எடுத்தார். எங்கள் நிறுவனத்தில் அவ்வளவு நல்ல பயிற்சி வேறு யாரும் கொடுத்ததில்லை. குளிக்கும்போது ஏழு மக் தண்ணீர், எட்டாவது ஊற்றினால் கத்துவான். ரசம் சோற்றில் படக்கூடாது, தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். சட்டைக் காலரில் துணி லேபிள் இருந்தால் வெட்டிவிட வேண்டும். சுப்பராயலு மில் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். முதல் நாள் குளிப்பாட்டிவிட்டு மூஞ்சியெல்லாம் கீறலோடு வெளியே வந்தார். "இத்தினி வருஷம் இத நீ ஒருத்தியே செஞ்சியா?" என்று மனைவியைக் கேட்டார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புரட்டாசியில் கடலூர் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வந்தது. சுப்பராயலு அவரோடு இருக்க வேண்டும். ஸ்ரீதரைச் சேத்தியாத்தோப்பில் தங்கம்மாள் வீட்டில் விடுவது என்று முடிவானது. தங்கம்மாளே ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தார். பழைய பேச்செல்லாம் அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது. என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொடுத்தேன். அவன் தட்டு, தம்ளர், தலையணை, துண்டு, லேபிள் வெட்டிய சட்டைகள். ஒன்றுவிடாமல் கட்டி அனுப்பினோம்.

அலுவலகம் கடலூரிலேயே என்பதால் தினமும் அக்காவைப் போய்ப் பார்த்தேன். பதினோரு நாள். ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி. "நான் இல்லாம இருக்கானே, கேட்டானா டீச்சர்?"

நான் தங்கம்மாளுக்குப் போன் போடுவேன். "சும்மா ஒக்காந்திருக்கான் டீச்சர். எதையும் கேக்கல. நேரா நேரத்துக்குச் சோறு தண்ணி குடுத்துடறேன், தொந்தரவே இல்ல" என்பார். பதினோராவது நாள் அக்காவுக்குக் குரல் எழும்பவில்லை, உதடுதான் அசைந்தது. என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆமாம் கேட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படிவத்தில் பொய் எழுதக்கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அந்தப் புத்தி வாய்க்கும் வந்துவிட்டது.

"இன்னும் இல்லக்கா."

"பிடிவாதக்காரன்" என்பதுபோல் உதடு அசைந்தது. சிரிக்கவும் செய்தார் என்று நினைக்கிறேன். மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார்.

கொள்ளி வைக்க ஸ்ரீதரைக் கூட்டிவந்தார்கள். பறைச்சத்தத்துக்கு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினான். வீட்டுக்குள் அவனை விடவே முடியவில்லை. தெருவிலிருந்தே சுடுகாட்டுக்குக் கூட்டிப்போய், அப்பா கையோடு கை வைத்துச் செய்யவேண்டியதைச் செய்ய வைத்து, அப்படியே சேத்தியாத்தோப்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கருமாதி எல்லாம் முடிந்து, உறவுக் கூட்டம் கலைந்த பிறகுதான் தங்கம்மாள் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்.

அன்று மதியம் சுப்பராயலு எனக்குப் போன் செய்தார். "டீச்சர், கொஞ்சம் வர்றீங்களா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

போய்ப் பார்த்தேன். கூடத்தில் பட்டுப்புடவைப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை போட்டு மாட்டியிருந்தார்கள். ஸ்ரீதர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. பலகைக்கு முன்னால் நின்றான். கடைசி வரிசையிலிருந்து நீல நைட்டி அட்டையை எடுத்தான். அப்பாவின் கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் அட்டையை வைத்து அழுத்தினான். வைத்துவிட்டுக் காத்திருந்தான். தண்ணீர் கேட்டுவிட்டு எப்படி நிற்பானோ அப்படியே நின்றான்.

"வந்ததுலேர்ந்து ஆறாவது தடவ" என்றார் சுப்பராயலு.

தங்கம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவனையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார். "எங்க வூட்லயும் இப்பிடித்தான் செஞ்சான் டீச்சர். வந்த அன்னையிலேர்ந்து. எங் கையப் புடிச்சி, வெரலப் பிரிச்சி, வெறுங்கைய வச்சி அழுத்துவான். அழுத்திட்டு மூஞ்சிக்கு நேரா நிப்பான். என்னமோ வெளையாடறான்னு நெனச்சன்."

பலகை அந்தச் சுவரிலேயே ஆணியில் மாட்டியபடி இருந்தது. தட்டை அனுப்பினேன், தம்ளரை அனுப்பினேன், தலையணையை அனுப்பினேன். அவன் வாயை இங்கேயே மாட்டி வைத்துவிட்டு அவனை மட்டும் அனுப்பியிருக்கிறேன். பதினோரு நாளும் அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். நான் பதினோரு நாளும் அவன் அம்மாவிடம் போய், கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். பொய் சொல்லக்கூடாது என்று நினைத்து நான் சொன்னதுதான் பொய். இதை நான் யாரிடம் போய்த் திருத்திச் சொல்ல?

அன்றைக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து நான்தான் அதிகம் அழுதேன். சுப்பராயலுதான் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

கொஞ்ச நாள் கழித்து, பயிற்சியாளராக மறுபடி போனேன். இனி கிடைக்காத பொருளின் அட்டையைப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும், பையன் மெல்ல மறந்துவிடுவான் என்று எங்கள் கையேட்டில் இருப்பதைச் சொன்னேன். சுப்பராயலு பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். செய்யவில்லை. மார்கழியில் 'தானே' புயல் அடித்தது. அவர் வீட்டு ஓடு பாதி பறந்தது. பலகையை நெஞ்சோடு அணைத்தபடி மகனோடு மில்லில் போய் உட்கார்ந்திருந்தாராம். கடலூர் அலுவலகத்தில் தண்ணீர் புகுந்து முப்பத்து நான்கு படிவங்களும் கூழாகிப்போயின. அதற்கு நான் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. புதுப் படிவம் அச்சடித்தபோது, அந்தக் கட்டத்தில் இரண்டு பேர் பெயர் இல்லாமல் எழுத மாட்டேன் என்று சண்டை போட்டேன். அந்தச் சண்டையைப் போடக் கொளஞ்சியக்கா சாகவேண்டியிருந்தது.

2012 மாசியில் சுப்பராயலு போன் செய்தார். "பிராது நிலுவையில கெடக்குது டீச்சர். அவ கேட்டது நடந்துடுச்சில்ல. வாபஸ் வாங்கணும். எழுதுனவங்க நீங்க, கூட வந்தா நல்லா இருக்கும்."

ஸ்ரீதரையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போனோம். பன்னிரண்டு வயதில் அப்பா தோளுக்கு வளர்ந்திருந்தான். மில்லில் களம் கிளற அவனையும் அழைத்துப் போகிறாராம். பெண்கள் எல்லாம் அவன் கோட்டைப் பார்த்துத்தான் நடக்கிறார்களாம். கோயிலில் எழுதிக்கொள்கிறவர் விவரம் கேட்டார்.

"பிராது குடுத்தவங்க வந்திருக்காங்களா?"

"இல்லீங்க. நான் வூட்டுக்காரன்."

"கொற தீந்துதா?"

சுப்பராயலு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தீந்துதுங்க. கேட்டுட்டான்" என்று சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது ஜன்னல் சீட்டு காலியாக இருந்தது. சேத்தியாத்தோப்பு தாண்டியதும் ஸ்ரீதர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தான். மூலைகள் நைந்து, நைட்டியின் நீலம் வெள்ளையாகியிருந்தது. முறைப்பு மட்டும் அப்படியே இருந்தது. அப்பாவின் விரல்களைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். சுப்பராயலு இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.

"வாங்கிட்டு என்னண்ணே குடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"குடுக்க என்னா இருக்குது டீச்சர்" என்றார். "நான் வாங்கிக்கறேன். நீங்கதான சொன்னீங்க, யாரும் கண்டுக்கலன்னா கேக்கறதையே வுட்டுடுவான்னு."

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, அந்த அட்டையை அவன் கைக்கு எட்டும்படி அதன் இடத்திலேயே மாட்டினார்.